வாழ்க்கைத் துணையை இழந்தபின்: துயரத்தினூடே உடல்நலம் காத்தல்

வாழ்க்கைத் துணையின் மறைவால் உண்டாகும் துயரம் நோயன்று. அழுகை, உறக்கமின்மை, பசியின்மை, களைப்பு, மறதி ஆகியவை இயல்பானவை. மறைந்தவர் அழைப்பதுபோல் ஒரு கணம் தோன்றுவதும் இயல்பே. நெடுநாள் நோயுற்றவரைப் பராமரித்தவருக்கு நிம்மதியும் அதனால் குற்றவுணர்வும் எழலாம். அது அன்பின் குறைவைக் காட்டுவதாகாது.

பதினாறாம் நாளுக்குப் பின்

உறவினர் கூடியிருக்கும் நாட்களில் உணவும் பேச்சுத்துணையும் கிடைத்துவிடும். காரியம் முடிந்து அவரவர் ஊர் திரும்பிய பின்னரே வீட்டின் வெறுமை முழுமையாகத் தெரியும். கவனம் மிகுதியாகத் தேவைப்படும் காலமும் அதுவே.

பல இல்லங்களில் கணவரின் மாத்திரை வேளையை நினைவில் வைத்திருப்பவர் மனைவி. மனைவிக்காக மருத்துவமனை வரிசையில் நின்று மருந்து வாங்கி வருபவர் கணவர். ஒருவர் மறையும்போது மற்றவரின் சிகிச்சையும் ஓசையின்றி நின்றுவிடுகிறது. சில மாதங்கள் வராதிருந்து, மிக உயர்ந்த இரத்த அழுத்தத்துடன் புறநோயாளர் பிரிவுக்கு வருபவரிடம் காரணம் கேட்டால், "அவர்தான் வாங்கி வருவார்" என்பதே விடையாக இருப்பதுண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருந்துச் சீட்டுகளையும் மாத்திரைகளையும் ஒரே பையில் வைத்து, எத்தனை நாட்களுக்கு இருப்பு உள்ளது எனப் பாருங்கள். மறைந்தவரின் மாத்திரைகளை அகற்றிவிடுங்கள். இருவருக்கும் ஒரே நோய் இருந்திருந்தாலும் மருந்தும் அளவும் வேறாக இருக்கலாம்.

• மருத்துவமனைக்குச் செல்ல இயலாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிலேயே பெற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

• தமக்கு மட்டும் சமைக்க மனம் வராதிருக்கலாம். எனினும் இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்க்காதீர்கள். இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வியர்வையும் நடுக்கமும் தோன்றினால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்துங்கள்.

• உறக்கத்திற்காக மதுவையோ பிறருடைய தூக்க மாத்திரையையோ நாடாதீர்கள்.

• மறைந்தவரின் உடைகளையும் பொருள்களையும் அகற்றக் காலவரையறை ஏதுமில்லை. மனம் இசையும்போது செய்யலாம்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

"அழாதீர்கள்" எனத் தடுக்காதீர்கள். மறைந்தவரின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். "ஏதேனும் தேவையா?" எனப் பொதுவாகக் கேட்பதைவிட, "வியாழக்கிழமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன்" என்பது உதவும். கணவரை இழந்த பெண்ணை நல்ல நிகழ்வுகளிலிருந்து விலக்குவதும் உணவில் கட்டுப்படுத்துவதும் அவருடைய மனநலத்தையும் உடல்நலத்தையும் கெடுக்கும். முதல் பொங்கல், திருமண நாள், ஆண்டு நினைவு நாள் ஆகியவற்றில் துயரம் மீண்டும் பெருகலாம், அந்நாட்களில் உடனிருங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்: உடனே 108-ஐ அழையுங்கள். பெருந்துயரம் இதயத் தசையைத் திடீரெனப் பாதிக்கக்கூடும். துக்கத்தால் வந்தது எனக் கருதிக் காத்திருக்க வேண்டாம்.

• 6 மாதங்களுக்குப் பின்னரும் ஏக்கம் சற்றும் தணியாமல் அன்றாடப் பணிகளை முடக்குதல்: இது நீடித்த துயர்நிலையாக இருக்கலாம்; இதற்குச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள்.

• "நானும் போய்விடுகிறேன்" என்னும் பேச்சு அல்லது எண்ணம்: இதற்கு 6 மாதங்கள் காத்திருத்தல் கூடாது. அவரைத் தனியே விடாதீர்கள்; பூச்சிக்கொல்லியையும் மாத்திரைகளையும் கைக்கெட்டாமல் வையுங்கள். 14416 (டெலி மானஸ்) என்னும் கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வேறு எந்த நோய்க்காக மருத்துவரிடம் சென்றாலும், இல்லத்தில் நேர்ந்த இறப்பை அவரிடம் தெரிவியுங்கள். உங்கள் சிகிச்சையைத் திட்டமிட அச்செய்தி அவருக்குத் தேவை.