காத்திருப்பின் விலை

துறைமுகத்தின் வரலாறு கப்பல்களின் வரலாறு மட்டுமன்று. காத்திருத்தலின் வரலாறும் ஆகும். கப்பல் இறங்குதுறைக்காகக் காத்திருக்கிறது. பண்டம் பாரந்தூக்கிக்காகக் காத்திருக்கிறது. தொழிலாளி வேலைக்காகக் காத்திருக்கிறான். இக்காத்திருப்பை அளந்தறியும் விஞ்ஞானம் நம் காலத்தில் பெருவளர்ச்சி அடைந்துள்ளது. ஒரு துறைமுகத்தைக் கட்டுமுன்னரே அதனைக் கணினிக்குள் அமைத்து, கப்பல்களை வரச்செய்து, கொள்கலன்களை ஏற்றியிறக்கி ஒத்திகை பார்க்கும் மென்பொருள்கள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. வன்னியில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் கிளிநொச்சிச் சந்தையில் நாம் வாங்கும் பருப்பு கொழும்புத் துறைமுகத்தின் வழியே வருவது. அன்றியும், அளவான வளத்தைப் பலர்க்குப் பங்கிடும் கணக்கு, குளத்தை நம்பி வாழும் நம் மக்களுக்குப் புதியதன்று.

இவ்விஞ்ஞானம் பிறந்த இடம் துறைமுகமன்று, தொலைபேசி நிலையமே. ஒழுங்கின்றி வரும் அழைப்புகளைக் கணித விதிக்குள் அடக்கிக்காட்டிய டென்மார்க் அறிஞர் ஏர்லாங்கின் முதற் கட்டுரை 1909இல் வெளிவந்தது. அவர் வழிவந்த ஆய்வு காட்டும் உண்மை வியப்புக்குரியது. ஒரே இறங்குதுறை உள்ளதெனக் கொள்வோம். கப்பல்கள் முன்பின்னாக வருகின்றன. ஒரு கப்பலின் வேலைக்குச் சராசரி ஒரு நாள் ஆகிறது. அதுவும் கப்பலுக்குக் கப்பல் பெரிதும் வேறுபடுகிறது. துறை பாதி நேரம் வேலையில் இருந்தால் கப்பல் சராசரி 1 நாள் காத்திருக்கும். 100க்கு 90 பங்கு நேரம் வேலையில் இருந்தாலோ, 9 நாள் காத்திருக்கும்! ஆகவே, துறை இடையிடையே வெறுமையாய் இருப்பது எவருடைய சோம்பலும் அன்று. கப்பல் தாமதமின்றிச் செல்வதற்குக் கொடுக்கும் விலையே அது.

அவ்விலையைக் கொடுப்பவர் யார்? இங்கேதான் கணிதம் முடிந்து சமுதாய வரலாறு தொடங்குகிறது. பழைய துறைமுகங்களில் அதனைக் கொடுத்தவன் நாட்கூலியே. கப்பல் வந்தால் கூலி, வராவிடின் பட்டினி. 1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, மணிக்கு 6 பென்சு கூலியோடு, அழைத்தால் குறைந்தது 4 மணி நேர வேலையாவது தருதல் வேண்டும் என்றும் கேட்டனர். காத்திருப்பின் சுமையைத் தம் தோளிலிருந்து இறக்கவே அவர்கள் போராடினர். கொழும்பிலும் 1927இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் துறைமுக வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1958இல் தனியார் கையிலிருந்த சரக்கு வேலைகளை அரசுக் கூட்டுத்தாபனம் ஏற்றது.

அதற்கு ஈராண்டு முன்னரே, 1956 ஏப்ரலில், அமெரிக்காவில் மல்கம் மக்லீன் என்பாரின் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 கொள்கலன்களுடன் புறப்பட்டது. தொன் ஒன்றை ஏற்றும் செலவு ஏறக்குறைய 6 டொலரிலிருந்து 16 சதமாகக் குறைந்தது எனக் கணக்கிடப்பட்டது. பல்லாயிரம் தோள்களின் வேலையைப் பாரந்தூக்கி பறித்துக்கொண்டது. கொழும்பில் 1985இல் ஜய கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கிற்று. 2019இல் அத்துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், 20 அடி அளவில் எண்ணினால், ஏறக்குறைய 72 இலட்சம்.

இத்துணைப் பெரிய இயக்கத்தைத் தாளிலும் பென்சிலிலும் மட்டும் திட்டமிடல் அரிது. எனவே கணினி ஒத்திகை வேண்டியதாயிற்று. அதன் முன்னோடிகளுள் ஒன்று, நோர்வேயில் கிறிஸ்டன் நைகார்ட், ஓலே யோஹான் டால் ஆகியோர் 1960களில் ஆக்கிய 'சிமுலா' என்னும் நிரல்மொழி. கப்பலையும் பாரந்தூக்கியையும் தனித்தனி உருக்களாகக் கணினிக்குள் இயங்கச்செய்ய அது வழிவகுத்தது. ஆனால் தாம் ஆக்கிய கருவி தொழிலாளரின் வேலையை மேலிருந்து வகுத்துக் கட்டுப்படுத்தவும் உதவுவதை நைகார்ட் கண்டார். 1970களின் தொடக்கத்தில் அவர் நோர்வேயின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, கணினி முறைகளைத் தொழிலாளரே ஆராய உழைத்தார். 1975இல் அந்நாட்டுத் தொழிற்சங்கச் சம்மேளனமும் முதலாளிமார் சம்மேளனமும் செய்த உடன்படிக்கை, புதிய கணினி முறைகளைப் பற்றி முன்கூட்டியே அறியும் உரிமையைத் தொழிலாளருக்கு அளித்தது. கருவியை உடைக்கவுமில்லை; கருவிக்குப் பணியவுமில்லை.

ஒத்திகை பொய் சொல்வதில்லை; ஆனால் கேட்டதற்கே விடை கூறும். கப்பலின் தாமதத்தைக் குறைக்கும் வழி கேட்டால் அதனைக் காட்டும். இரவு வேலையின் களைப்பை எண்ணாதுவிட்டால் அது பற்றி வாய் திறவாது. முனையத்தின் கொள்ளளவைத் தேடும் கணக்கில் மீனவனின் வலைக்கு இடமில்லை. 2021இல் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபோது, நீர்கொழும்பு மீனவர் கடலுக்குச் செல்ல இயலாது கரையில் நின்றனர். அதே ஆண்டு பெப்ரவரியில், கிழக்கு முனையத்தை இந்திய, ஜப்பானியப் பங்காளிகளுடன் நடத்தும் திட்டம் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. உடைமையைப் பற்றிக் கேட்கத் தெரிந்த தொழிலாளர், கணக்கைப் பற்றியும் கேட்டல் வேண்டும்.

இதற்கு முன்மாதிரி நம் மண்ணிலேயே உண்டு. இரணைமடுவில் சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடுகிறது. குளத்தில் உள்ள நீரின் அளவை நீர்ப்பாசனப் பொறியியலாளர் சபையிற் சொல்கிறார். எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது கமக்காரர் முன்னிலையில் முடிவாகிறது. நீர் குறைந்த ஆண்டில் குறைவு பங்கிடப்படுகிறது. அங்கும் பிணக்குகள் உண்டு. வாய்க்காலின் கடைசியில் உள்ளவனுக்குக் குறைகளும் உண்டு. ஆயினும் கணக்கு வெளியரங்கமானது. அதனை மறுத்துரைக்க அவனுக்கும் வாயுண்டு.

துறைமுகத்தின் கணக்கும் அவ்வாறே சபைக்கு வருதல் வேண்டும். அதனை வாசித்தறியும் கணித அறிவை நம் மாணவர்க்கு ஊட்டுதல் ஆசிரியராகிய நம் கடன்.