பொதுமையிலிருந்து இழிவுக்கு

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்க்குத் தொல்லை தரும் சொற்களுள் 'மீன்' என்பதும் ஒன்று. (கடலில் வாழும் மீனுக்கும் இதற்கும் உறவேதும் இல்லை.) அகராதியைத் திறக்கும் மாணவன் இழிந்த, கஞ்சத்தனமான, கொடிய, நடுத்தரமான என ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களைக் கண்டு திகைக்கிறான். உண்மையில், ஒலியால் ஒன்றுபட்ட வெவ்வேறு சொற்களே இங்குக் கூடி நிற்கின்றன. கணிதத்தில் சராசரியைக் குறிக்கும் 'மீன்', நடு எனப் பொருள்படும் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாகத் திரிந்து வந்தது. கருதுதல் என்னும் வினையோ வேறொரு பழைய ஆங்கிலச் சொல்லின் வழித்தோன்றல். இவ்விரண்டையும் விடுத்து, இழிவைக் குறிக்கும் பெயரடையையே இங்கு நோக்குவோம்.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'யெமேனே'. அன்று அதன் பொருள் இழிவு அன்று. பொது, பலர்க்கும் உரியது என்பதே. 688 முதல் 726 வரை வெசெக்ஸை ஆண்ட மன்னன் ஐனேயின் சட்டமொன்று, குடியானவர் கூட்டாக உடைய புல்வெளியைப் பற்றிப் பேசுகிறது. பங்காளருள் சிலர் தம் பகுதிக்கு வேலியிட, சிலர் இடாது விட, மாடுகள் புகுந்து மேய்ந்துவிடின், வேலியில் இடைவெளி விட்டவர் ஏனையோர்க்கு நட்டஈடு கொடுத்தல் வேண்டும். அப்புல்வெளிக்கு அடைமொழியாக நிற்பது இச்சொல்லே.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். ஆளும் வர்க்கத்தின் மொழி பிரெஞ்சாயிற்று. பொது என்னும் கருத்தைப் பிரெஞ்சிலிருந்து வந்த 'கொமன்' மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொண்டது. பழைய சொல்லோ இறங்குமுகமாயிற்று. எல்லார்க்கும் உரியது சிறப்பற்றது. சிறப்பற்றவன் தாழ்குடிப் பிறந்தவன். தாழ்குடிப் பிறந்தவன் கீழ்மைக் குணத்தன். எவருடைய கண்கொண்டு பார்த்தால் இத்தருக்கம் பொருந்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நடு எனப் பொருள்படும் மற்றைய 'மீன்' இதனோடு கலந்து, மட்டமானது என்னும் கருத்தை வளர்த்தது என்று மொழிநூலார் கூறுவர். அதில் உண்மையுண்டு. ஆயின் அது மட்டுமே காரணமாகாது. இச்சொல்லின் உடன்பிறப்பாகிய ஜேர்மன் 'கெமைன்' என்பதற்கு அத்தகைய ஒலித்துணை ஏதுமில்லை. அதுவும் பொதுவில் தொடங்கி இழிவில் வந்து முடிந்தது. பின்வந்த 'கொமன்' என்பதும் பண்பற்ற என்னும் பொருளை ஏற்றது. ஐனேயின் சட்டம் குடியானவனைக் குறித்த 'செயோர்ல்' என்ற சொல்லே இன்று முரடனைக் குறிக்கும் 'சேர்ல்' ஆயிற்று. இத்தனையும் தற்செயலோ?

தியூடர் காலத்து எழுத்துக்களில் ஏழை மக்களை இப்பெயரடை கொண்டே 'தாழ்ந்த வகையினர்' எனச் சுட்டுதல் வழக்கம். அதே காலத்திற்றான் நிலவுடைமையாளர் பொதுநிலங்களை வேலியிட்டு வளைத்தனர். 1549இல் நோர்போக் மக்கள் கிளர்ந்தெழுந்து வேலிகளைப் பிடுங்கினர். றொபேட் கெற் என்பாரது வேலியை அகற்ற வந்தபோது, அவர் தாமும் நிலவுடைமையாளராயிருந்தும், அவர்களது நியாயத்தை ஏற்று, தம் வேலியைத் தாமே தகர்த்துத் தலைமை தாங்கினார். நோர்விச் நகரருகே ஏறத்தாழ 16,000 பேர் திரண்டனர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, அவ்வாண்டு டிசெம்பரில் கெற் நோர்விச் கோட்டைச் சுவரில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் வேலிக்குச் சட்டமே துணைநின்றது. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் நிறைவேற்றிய அடைப்புச் சட்டங்கள் 5,200க்கு மேற்பட்டவை. அவை தழுவிய நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்திலொரு பங்குக்கும் சற்று அதிகம். ஐனே காலத்து வேலி மாட்டைத் தடுத்தது; இவ்வேலி மனிதரைத் தடுத்தது.

வேலியடைப்பே இச்சொல்லைக் கெடுத்தது எனல் பொருந்தாது. இழிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எனினும் பொதுநிலமும் அதன் பழம்பெயரும் ஒருசேர மதிப்பிழந்தன. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் அதற்குக் கொடுமை என்னும் பொருளையும் சேர்த்தனர். அதற்கு முன்பே இன்னொரு பொருள் அதில் ஏறியிருந்தது: தன்னிடமுள்ளதைப் பிறரோடு பகிர மறுப்பவன்.