குண்டு விமானக் கட்டிடத்தில் ஒரு காலேஜ்

இன்னிக்கு ஜப்பான் போறோம். அனிமே இல்லை, சாமுராய் இல்லை. ஒரு காலேஜ் கேம்பஸ்.

டோக்கியோவின் மேற்கே மிதாகா என்று ஒரு நகரம். அங்கே இருக்கிறது சர்வதேச கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். சுருக்கமா ஐ.சி.யு. நம்ம காதுக்கு அது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க. வாசலிலிருந்து உள்ளே போக ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டுச் சாலை. இரண்டு பக்கமும் செர்ரி மரங்கள். "இது முன்னாடி விமான ரன்வேடா" என்று சீனியர்கள் ஜூனியர்களிடம் சொல்வார்களாம். அது சும்மா கேம்பஸ் கதைதான். ஆனால் அந்தக் கதை எங்கிருந்து முளைத்தது என்று தேடப் போனபோதுதான் எனக்கு இந்த எபிசோடே கிடைத்தது.

ரன்வே பொய். விமானம் பொய் இல்லை.

அந்த நிலம் நகாஜிமா விமான நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் மிகப் பெரிய விமானத் தயாரிப்பாளர்களில் ஒருவர் இவர்கள். புகழ்பெற்ற ஜீரோ போர் விமானத்தை வடிவமைத்தது மிட்சுபிஷி, ஆனால் எண்ணிக்கையில் அதிகம் கட்டிக் கொடுத்தது நகாஜிமாதான். மிதாகா ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கல் பூஜை நடந்த தேதியைப் பாருங்க: 1941 டிசம்பர் 8. ஜப்பான் நேரப்படி பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே நாள்!

நிறுவனர் சிகுஹேய் நகாஜிமாவின் பெருங்கனவு ‘ஃபுகாகு’ என்ற ஆறு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். ஜப்பானிலிருந்து கிளம்பி அமெரிக்க மண்ணில் குண்டு போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது திட்டம். 1944-ல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த விமானம் ஒரு நாளும் பறக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தின் கான்கிரீட் கட்டிடம் நின்றுவிட்டது. இன்றைக்கு மாணவர்கள் கிளாஸ் கவனிக்கிற மெயின் ஹால் அதுதான்.

இது எப்படி நடந்தது?

போர் முடிந்த கையோடு, அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஜான் மெக்லீன் என்ற பாதிரியார் ஒரு யோசனை சொன்னார். அணுகுண்டு போட்டது நாம். அதனால் அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் பணம் திரட்டி ஜப்பானுக்குத் தர வேண்டும். அவர் பைலட் இல்லை, ஜெனரல் இல்லை. ஒரு பட்டனைக்கூட அழுத்தாதவர். ஆனாலும் ‘நாம்’ என்றார். எல்லாச் சபைகளும் சேர்ந்து நடத்தும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற ஆசை ஜப்பானியக் கிறிஸ்தவர்களிடம் போருக்கு முன்பே இருந்தது. இரண்டும் சேர்ந்தன. இப்போது அந்தச் செர்ரிச் சாலையின் பெயர் மெக்லீன் சாலை.

இதுவரைக்கும் கேட்டா, ‘எதிரி மனசு மாறி காசு கொடுத்தான், காலேஜ் வந்துச்சு’ என்கிற ஃபீல்குட் கதை மாதிரி இருக்கு இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு வேற சொல்லுது.

அமெரிக்காவில் நிதி திரட்டும் குழுவுக்குக் கௌரவத் தலைவர் ஜெனரல் மெக்ஆர்தர். இலக்கு 1 கோடி டாலர். ஆனால் வந்த பணம் அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஜப்பானில் நிதி திரட்டலை முன்னின்று நடத்தியவர் ஹிசாதோ இச்சிமடா. ஜப்பான் மத்திய வங்கியின் கவர்னர். அவர் கிறிஸ்தவர் இல்லை, பௌத்தர். இலக்கு 15 கோடி யென், அன்றைய மதிப்பில் நாலு லட்சம் டாலர் சொச்சம். எரிந்து கிடந்த ஊர்கள், சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அந்த மக்களிடமிருந்து இலக்கைத் தாண்டிப் பணம் வந்தது. அதை வைத்துத்தான் இந்த நிலம் வாங்கப்பட்டது.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று யோசனை சொன்னது ஜெயித்த நாடு. நிலத்துக்குக் காசு போட்டது தோற்ற நாடு. அதுவும் பெரும்பாலும் வேறு மதத்துக்காரர்கள். ‘அமெரிக்கா கொடுத்த பரிசு’ என்று இதை ஒரே வரியில் முடிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

1949 ஜூனில் பல்கலைக்கழகம் அமைக்கும் முடிவு அதிகாரபூர்வமானது. அதே ஆண்டு அக்டோபரில் சிகுஹேய் நகாஜிமா இறந்துபோனார். இறந்தது எங்கே தெரியுமா? அதே வளாகத்துக்குள் அவர் வாங்கி வைத்திருந்த தைசான்சோ என்ற பழைய மாளிகையில். அமெரிக்காமேல் குண்டு போட விமானம் கனவு கண்டவர், அமெரிக்கர்களும் சேர்ந்து அமைக்கும் கல்லூரியின் மண்ணில் கண்ணை மூடினார். அந்த மாளிகையின் ஒரு பகுதி இன்றும் கேம்பஸுக்குள் இருக்கிறது.

முதல் தலைவராக வந்தவர் ஹச்சிரோ யுவாசா. பூச்சியியல் விஞ்ஞானி. போருக்கு முன் கியோட்டோவில் தோஷிஷா என்ற இன்னொரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். ராணுவ ஆதரவாளர்கள் கொடுத்த நெருக்கடியில் 1937-ல் பதவி விலகினார். அடுத்த வருஷம் எங்கே வந்தார் தெரியுமா? நம்ம தாம்பரம்! 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்கு ஜப்பான் பிரதிநிதிகளில் ஒருவராக வந்தார். அதன்பின் அமெரிக்கா போனவர், போர் முழுக்க எதிரி நாட்டுக்காரராக அங்கேயே இருந்தார். 1946-ல்தான் ஊர் திரும்பினார். பல்கலைக்கழகம் அதிகாரத்தின் முன்னால் வளைந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1952 ஏப்ரல் 29-ல் அர்ப்பண விழா. முந்தின நாள்தான் ஜப்பான்மீதான ஆக்கிரமிப்பு ஆட்சி சட்டப்படி முடிந்திருந்தது. 1953-ல் பட்டப்படிப்பு தொடங்கியது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் இருக்கிறது. சேரும் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் கொள்கைகளை மதிப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பைபிள்மேல் சத்தியம் இல்லை. மாணவர்கள் எந்த மதமாகவும் இருக்கலாம். முழுநேர ஆசிரியர்கள் மட்டும் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பௌத்தர் ஒருவர் முன்னின்று திரட்டிய பணத்தில் வாங்கிய இடத்தில் இது சரியா? நியாயமான கேள்விதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகவில்லை. 1967-ல் நுழைவுத் தேர்வு முறையை எதிர்த்து மாணவர்கள் மெயின் ஹாலையே கைப்பற்றினார்கள். 1969-ல் கேம்பஸுக்குள் கலவரத் தடுப்புப் போலீஸ் நுழைந்தது. சமாதானத்துக்காகக் கட்டிய இடத்தில் ஹெல்மெட்டும் கேடயமும். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு, இல்லைன்னா வெறும் விளம்பரம்.

இன்று அங்கே வாழ்க்கை எப்படி? ஏப்ரலில் சேர்பவர்கள் ஒரு கூட்டம், வெளிநாட்டில் பள்ளி முடித்து செப்டம்பரில் சேர்பவர்கள் இன்னொரு கூட்டம். ஒரே வாக்கியத்தில் பாதி ஜப்பானியம், பாதி இங்கிலீஷ் கலந்து பேசுகிறார்கள். அச்சு அசலா நம்ம தங்கிலீஷ். மெயின் ஹாலுக்கு எதிரே ‘பகாயமா’ என்று ஒரு புல்மேடு. முட்டாள் மேடு என்று அர்த்தம். மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து அரட்டை, தூக்கம்.

அந்தப் பக்கமா திரும்பினா, எதிரே குண்டு விமானக் கட்டிடம். அதை இடித்துவிட்டுப் புதுசா ஒன்று கட்டியிருக்கலாம். கட்டவில்லை. காசு இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம், யோசித்துத்தான் விட்டார்களோ என்னவோ. எப்படியோ, எதை மறந்துவிடக் கூடாதோ அதற்குள்ளேயே உட்கார்ந்து தினமும் அட்டெண்டன்ஸ் கொடுக்கிறார்கள்.

நீங்க படிச்ச காலேஜ் கட்டிடம் அதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு? நிலத்துக்கு யார் காசு கொடுத்தாங்க? யாரையாவது கேட்டுப் பாருங்க. சுவாரசியமா ஏதாவது கிடைச்சா எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.