மேலூரிலிருந்து மதுரைக்கு: ஊர் பார்க்கும் வழக்கத்தின் வரலாறு

மேலூர் வட்டாரத்துக் குடும்பங்கள் மதுரைக்குச் சென்று, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் கடைத்தெருவையும் பார்த்து, ஓரிரு நாளில் ஊர் திரும்பும் வழக்கம் இன்று மிக இயல்பானதாகத் தோன்றினாலும், மதில், ஆறு, வறட்சி, சாதி ஆகிய நான்கு தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிய பிறகே அது எல்லாக் குடும்பங்களுக்கும் உரியதாயிற்று.

நாயக்கர் காலத்து மதுரை, மதிலும் அகழியும் கொத்தளங்களும் சூழ்ந்த கோட்டை நகரமாக இருந்தது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அவ்விடத்தில் நிலம் வழங்குவதாக அறிவித்து நகரைத் திறந்துவிட்டார். இன்றைய வெளிவீதிகள் அந்த மதிலும் அகழியும் இருந்த வரிசையில் அமைந்தவை. அவர் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண், கீழமாசி வீதிப் பகுதிக்கே பெயராகிவிட்டது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற வியன்னா நகரின் கோட்டைச்சுவரை இடிக்கும் ஆணை 1857இல்தான் பிறந்தது என்பதை நோக்க, மதுரை அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னதாகவே தன் மதிலைக் களைந்துவிட்டது தெரியும்.

1875இல் மதுரைக்கு வந்த ரயில் பாதை திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக அமைந்ததால், மேலூருக்கு அது பயன்படவில்லை. எனவே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவை மாட்டுவண்டியில் கடப்பதே நெடுங்காலம் முறையாக இருந்தது. கூண்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, கட்டுச்சோறாகப் புளியோதரையும் எடுத்துக்கொண்டு, வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, வெயிலுக்குப் பயந்து இரவிலே புறப்படுவார்கள். யானைமலையைக் கடந்து வைகையின் வடகரையை அடையும்போது விடிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் அக்கரைக்குச் செல்வதே அரிதாக இருந்த நிலையை, 1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம், மக்கள் வழக்கில் ஏ.வி. பாலம், மாற்றியது.

வழி திறந்தாலும் கையில் காசு வேண்டும். 1895இல் பெரியாறு அணையின் நீர் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, கால்வாய்களில் மேலூர் வரை வந்தபோது, கண்மாய்களையும் வானத்தையும் மட்டுமே நம்பியிருந்த நிலங்களில் நெல் விளைச்சல் நிலைபெற்றது. அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்திருக்கும் சித்திரையிலேயே, மேலூர்ப் பகுதியின் பெருந்தெய்வமான கள்ளழகர் அழகர்மலையிலிருந்து இறங்கி வைகைக்கு எழுந்தருள்வதால், சாமியைப் பின்தொடர்வதும் நகரைப் பார்ப்பதும் ஒரே பயணமாயின. மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மரபு.

அவர் வசந்த விழாவுக்கெனக் கட்டிய புதுமண்டபம் பின்னாளில் தையற்காரர்களும் வளையல், பாத்திர, புத்தக வணிகர்களும் நிறைந்த சந்தையாயிற்று. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடனாளிகள் அணியும் சல்லடமும் குல்லாவும், சிற்பத் தூண்களுக்கிடையே தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடிய அந்த மண்டபத்திலேயே தைக்கப்பட்டன. கோயிலுக்குள் கம்பத்தடி மண்டபத்துக் காளியின் சினம் தணிய வெண்ணெய் உருண்டை எறிவது பிள்ளைகளுக்கு மறக்கமுடியாத வேலையாக இருந்தது. மகாலில் நீண்டகாலம் மாவட்ட நீதிமன்றம் இயங்கியதால், வழக்குக்காக வந்தவர்களும் அதன் பருத்த தூண்களை அண்ணாந்து பார்த்துச் சென்றனர்.

எனினும், இந்தக் காட்சிகளின் நடுவே இருந்த கோயில், மேலூர் வட்டாரத்தின் ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கும் நாடார் குடும்பங்களுக்கும் கோபுர வாசலோடு முடிந்துபோன காட்சியாகவே இருந்தது. ஒரே பாதையில் வந்து, ஒரே ஆற்றைக் கடந்தவர்களில் ஒரு பகுதியினர் உள்ளே செல்ல, மற்றவர்கள் வெளியே நின்ற அநீதி 1939 ஜூலை 8 அன்று உடைந்தது. அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர், மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்து, பிற்காலத்தில் சென்னை மாநில உள்துறை அமைச்சரான பி. கக்கன். அதே ஆண்டில் இராஜாஜி அரசு கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

அதன்பின் வந்த மாற்றங்கள் விரைவானவை. பேருந்து, வண்டிப் பயணத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கியது. 1952இல் ‘பராசக்தி’யுடன் திறக்கப்பட்ட தங்கம் தியேட்டரும், 1959இல் தமுக்கம் அரண்மனையில் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகமும் பார்க்கும் இடங்களின் பட்டியலில் சேர்ந்தன.

ஒரு குடும்பம் ஒரு நகரை நிம்மதியாகச் சுற்றிப் பார்ப்பது சிறிய இன்பம்தான். ஆயினும், அது எல்லாருக்கும் கிடைப்பதற்கு மதில் இடிந்தது மட்டும் போதவில்லை, கோயில் வாசலும் திறக்க வேண்டியிருந்தது. ஆகவே, பிள்ளைகளுக்கு மதுரையைக் காட்டும் பெற்றோர், 1939இல் அந்த வாசலைக் கடந்தவர்களின் கதையையும் அங்கேயே நின்று சொல்ல வேண்டும். தும்பைப்பட்டியில் உள்ள கக்கன் மணிமண்டபத்தையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.