துத்தநாகத்தோடு வந்த காட்மியம்

1817. ஜெர்மனியின் ஹனோவர் நாட்டில் மருந்துக்கடைகளைச் சோதனையிடும் பொறுப்பு வேதியியல் பேராசிரியர் ஃபிரீட்ரிக் ஸ்ட்ரோமெயரிடம் இருந்தது. துத்தநாக கார்பனேட் பொடி ஒன்றைச் சூடாக்கினால் வெள்ளை ஆக்சைடு கிடைக்க வேண்டும். அவருக்கு மஞ்சளாகக் கிடைத்தது. இரும்பு கலந்திருக்குமோ என்று தேடினார், இல்லை. அந்த மஞ்சளுக்குள் இருந்தது காட்மியம் என்ற புது உலோகம்.

துத்தநாகத் தாதுவோடு ஒட்டியே வருவது அதன் பிறவிக் குணம். ஓவியர்களின் மஞ்சள் நிறமானது, இரும்புக்கு முலாமானது, மின்கலத்துக்குள்ளும் போனது. புகையிலைச் செடியும் நெல்லும் அதை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன.

1956-இல் செக்கோஸ்லோவாக்கிய ஆய்வாளர் யிரி பார்ஷீசெக், சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஆண் எலிகளின் தோலுக்கடியில் காட்மிய உப்பைச் செலுத்திப் பார்த்தார். பெரும்பங்கு கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். விந்தகத்துக்குப் போவது மிகச் சொற்பம். ஆனால் முதலில் சிதைவது விந்தகம்தான். அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. ரத்தம் கசிகிறது, விந்தகம் வீங்குகிறது, ரத்த ஓட்டம் நிற்கிறது. ஓரிரு நாளில் விந்தகம் ரத்தம் கட்டிக் கறுத்துவிடுகிறது. விந்தணுவைத் தாக்க வந்த விஷம் என்று நினைத்திருந்தால், அது வெட்டியது விந்தணுவுக்குச் சோறு போகும் வழியை. அந்த எலிகள் பட்ட வேதனையைச் சொல்லாமல் இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஆண் ஹார்மோன் சுரக்கும் திசு ஓரளவு மீண்டும் வளர்ந்தது. விந்தணு உருவாகும் குழாய்கள் மீளவில்லை. கூடவே நிறையத் துத்தநாகம் கொடுத்த எலிகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

சில சுண்டெலி இனங்களுக்கு மட்டும் காட்மியம் ஏன் உறைக்கவில்லை என்ற கேள்வியும் நெடுநாள் நின்றது. 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விடை கண்டார்கள்: ஜிப்8 என்ற புரதம். துத்தநாகத்தையும் மாங்கனீசையும் செல்லுக்குள் ஏற்றிவிடுவது அதன் வேலை. காட்மியத்தையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறது. பாதிக்கப்படும் சுண்டெலிகளின் விந்தக ரத்தக் குழாய்ச் சுவரில் அது இருக்கிறது. தப்பிக்கும் இனங்களில் அந்த இடத்தில் இல்லை. தாதுவில் துத்தநாகத்தோடு ஒட்டி வந்த உலோகம், உடம்புக்குள்ளும் துத்தநாகத்தின் வாசல் வழியாகவே நுழைகிறது.

ஊசியில் ஏற்றும் அளவு எந்த மனிதனுக்கும் சாப்பாட்டில் சேராது. அந்த எலிகளைக் காட்டி ஆண்களைப் பயமுறுத்துவது தவறு. நம் வாழ்க்கைக்குக் கொஞ்சம் நெருக்கமானவை, குடிநீரில் சிறிது சிறிதாகக் காட்மியம் கலந்து கொடுத்த சோதனைகள். அவற்றில் பெரும்பாலும் ரத்தக்கசிவு இல்லை. விந்தணுவைக் காக்கும் செல்களின் இறுக்கம் தளர்கிறது. எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் குறைகின்றன. எலிக்கு ஒரு விந்தணு முற்றி முடிய ஏறக்குறைய 52 நாள் ஆவதால், அவசரமாக முடித்த சோதனையில் இது கண்ணுக்குத் தப்பிவிடும். மனிதனுக்கு 74 நாள். சிகரெட் பிடிப்பவரின் நுரையீரல் வழியே நுழையும் காட்மியமோ சிறுநீரகத்தில் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு பிடிக்கிறது.