பூட்டிய வீடுகளின் கரை: கோவாவில் முதுகுப்பைப் பயணிகளின் கிறிஸ்துமஸ்

கோவாவின் வட பகுதியில், மண்டோவி ஆற்றுக்கும் சப்போரா ஆற்றுக்கும் இடைப்பட்ட பர்தேஸ் வட்டத்தின் கடற்கரை, 1960களின் பிற்பகுதி தொடங்கிப் பல பத்தாண்டுகள், ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் குறைந்த பணத்தோடு புறப்பட்டு வந்த இளைஞர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகக் கூடும் இடமாக விளங்கியது. தோளில் மாட்டும் ஒரே பையில் உடைமைகள் அனைத்தையும் அடக்கிக்கொண்டு, எதையும் முன்கூட்டிப் பதிவு செய்யாமல், மலிவான பேருந்திலும் கப்பலிலும் ஊர் ஊராக நகர்ந்து, உள்ளூரார் வீட்டிலேயே அறை எடுத்துத் தங்கும் இத்தகையோரை முதுகுப்பைப் பயணிகள் என்று அழைப்பது பின்னாளைய வழக்கு. அக்காலத்தில் அவர்களுக்கு ஹிப்பிகள் என்றே பெயர். இக்கரையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வந்தவர்களின் கதையையே சொல்கின்றன. மின்சாரமும் தங்கும் விடுதியும் இல்லாத சிற்றூர்களில் அத்தனை பேருக்குத் தங்க வீடு எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியை எழுப்பினால்தான் ஊராரின் வரலாறு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. ஏனெனில் அந்த வீடுகளில் பல, அவற்றுக்கு உரியவர்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்து போயிருந்ததால், ஆள் குறைந்தோ பூட்டியோ கிடந்த வீடுகள்.

1510இல் கோவாத் தீவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், 1543இல் பர்தேஸையும் சால்செத்தையும் தம் ஆட்சியில் சேர்த்துக்கொண்டனர். ‘பழைய வெற்றிப் பகுதிகள்’ எனப்பட்ட இவ்வட்டங்களில் கத்தோலிக்க சமயம் ஆழமாக வேரூன்றியது. 18ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்ட பெர்நேம் போன்ற ‘புதிய வெற்றிப் பகுதிகளில்’ மக்கள் பெரும்பாலும் இந்துக்களாகவே இருந்தனர். நெல்லும் தென்னையும் மீனும் மட்டுமே வாழ்வாதாரமாக இருந்த பர்தேஸ், பெருகிய மக்கள்தொகையைத் தாங்க இயலாததால், 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆட்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. உணவில் விலக்குகள் இல்லாத கோவாக் கிறிஸ்தவர்கள் ஆங்கிலேயரின் நீராவிக் கப்பல்களில் சமையற்காரர்களாகவும் பரிமாறுவோராகவும், பம்பாயில் தையற்காரர்களாகவும் இசைக்கலைஞர்களாகவும், கிழக்கு ஆப்பிரிக்காவில் எழுத்தர்களாகவும் வேலை பெற்றனர். கப்பலில் வேலை செய்பவருக்குக் கொங்கணியில் ‘தார்வட்டி’ என்று பெயர். கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருக்கும் தார்வட்டிகள் தங்குவதற்கென ஒவ்வோர் ஊராரும் ‘குட்’ எனப்படும் மன்றத்தை அமைத்துக்கொண்டனர். ஒரு பெரிய கூடமும், சுவரோரம் வரிசையாக வைக்கப்பட்ட பெட்டிகளும், மாலையில் கூடிச் செபமாலை சொல்வதற்கு ஒரு பலிபீடமும் கொண்ட எளிய தங்குமிடம் அது. மலிவாகத் தங்கி, கிடைக்கும் கப்பலில் ஏறி, மாதக்கணக்கில் அயலூரில் வாழும் வாழ்க்கை முறையை, முதுகுப்பைப் பயணிகள் வருவதற்கு மூன்று தலைமுறைக்கு முன்பே இவ்வூரார் அறிந்திருந்தனர். வேறுபாடு, இவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்கள் என்பதே.

அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் எழுந்த வீடுகள் ஓட்டுக்கூரையும், கண்ணாடிக்கு மாற்றாக மெல்லிய சிப்பி ஓடுகள் பதித்த சன்னல்களும், வாசலில் இருபுறமும் இருக்கை அமைந்த ‘பல்காவ்’ என்னும் திண்ணையும் உடையவை. தமிழகத்துத் திண்ணையைப் போலவே அதுவும் தெருவை வீட்டோடு இணைக்கும் இடம். ஆனால் கோவாவின் கடலோரச் சிற்றூர்களில் அங்கு அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் பெண்களும் முதியோருமே. போனவர்கள் திரும்பும் காலம் கிறிஸ்துமஸ். கொங்கணியில் ‘நத்தாள்’ எனப்படும் அத்திருநாளுக்கு முன்பே வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டு, வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கும். வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குழந்தை இயேசு பிறந்த மாட்டுக்கொட்டில் அமைக்கப்படும். ‘சேவல் பூசை’ என்று பொருள்படும் போர்த்துகீசியப் பெயரால் அழைக்கப்பட்ட நள்ளிரவுப் பூசைக்குப் பின், ‘கொன்சுவாத’ எனப்படும் பலகாரத் தட்டுகள் அண்டை வீடுகளுக்குப் போகும். அத்தட்டில் உள்ள தோதோல் என்னும் தேங்காய்ப்பால் இனிப்பு, கீழக்கரையிலும் இலங்கையிலும் ‘தொதல்’ என்ற பெயரில் இன்றும் கிண்டப்படுவது. இந்தியப் பெருங்கடலின் வணிகர்களும் மாலுமிகளும் ஒரே பண்டத்தைக் கரைதோறும் கொண்டு சேர்த்ததற்கு இதைவிட இனிய சான்று வேண்டியதில்லை.

1961 டிசம்பர் 19ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு ஆறு நாள்களே எஞ்சியிருந்தபோது, இந்தியப் படையின் நடவடிக்கையால் 451 ஆண்டுக்காலப் போர்த்துகீசிய ஆட்சி முடிவுற்றது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இந்திய அரசு விதித்த பொருளாதாரத் தடையால் எல்லைகள் அடைபட்டு, மர்மகோவா துறைமுகத்தை உள்நாட்டோடு இணைத்த தொடர்வண்டிப் போக்குவரத்தும் நின்றுபோயிருந்தது. எல்லை திறந்தபின் பம்பாய்க்கும் பணஜிக்கும் இடையே சென்ற கப்பலே மலிவான வழியாயிற்று. கொங்கண் கரையோரத் துறைகளைத் தொட்டபடி ஏறக்குறைய ஒரு முழு நாள் ஓடும் அக்கப்பலின் மேல்தளத்தில், திருநாளுக்கு ஊர் திரும்பும் கோவாக் குடும்பங்களும் பாய் விரித்துப் படுத்த வெளிநாட்டு இளைஞர்களும் அருகருகே பயணம் செய்தனர்.

அந்த இளைஞர்கள் வந்த பெரும்பாதை தரைவழியானது. லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ தொடங்கி, இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காபூல் வழியாகக் கைபர் கணவாயைக் கடந்து, லாகூர் வழியே தில்லியை அடைந்து, அங்கிருந்து வடக்கே காட்மாண்டுவுக்கோ தெற்கே கோவாவுக்கோ பிரியும் இப்பாதை பின்னர் ‘ஹிப்பித் தடம்’ எனப் பெயர் பெற்றது. கோடையில் மலை, குளிர்காலத்தில் கடல் என்பது அவர்களின் ஆண்டுச் சுழற்சி. டிசம்பரில் காட்மாண்டு குளிரத் தொடங்கும்போது கோவாவின் வானம் தெளிந்து, கடல் அடங்கி, இரவு இதமாக இருக்கும். இதே டிசம்பரில் சோழமண்டலக் கரை வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதியிலும் புயல் அச்சத்திலும் இருக்கும் என்பதால், மாமல்லபுரத்தின் அழகு எத்தகையதாயினும் கிறிஸ்துமஸ் கூட்டம் மேற்குக் கரைக்கே சென்றது. செப்டம்பரோடு தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் தெளியும் வானிலையும், ஐரோப்பாவின் குளிர்கால விடுமுறையும், போர்த்துகீசியர் நிலைநாட்டிய திருநாளும் ஒரே மாதத்தில் வந்து பொருந்தியதுதான் இக்கரையின் ‘சீசன்’ என்பதன் தோற்றம்.

முதலில் அவர்கள் தெற்கே கோல்வாவிலும் வடக்கே கலங்குட்டிலும் தங்கினர். அங்கே கூட்டம் மிகுந்தபோது பாகாவின் சிறு குன்றைத் தாண்டி அஞ்சுனாவுக்கும் வாகத்தோருக்கும் நகர்ந்தனர். இக்குடியேற்றத்தின் முன்னோடியாக நினைக்கப்படுபவர், இரு கைகளிலும் சேர்த்து எட்டு விரல்களே கொண்டிருந்ததால் ‘எட்டு விரல் எடி’ என்று அழைக்கப்பட்ட, ஆர்மீனிய வழிவந்த அமெரிக்கர். 1924இல் பிறந்து, 1960களில் கோவாவுக்கு வந்து, 2010இல் கோவாவிலேயே இறந்தவர். வாடகை பேசும் முறை எளிமையானது. குடும்பத் தலைவன் கப்பலிலோ, 1970களுக்குப் பின் வளைகுடா நாட்டிலோ இருக்க, வீட்டுப் பெண் முன்கூடத்தையோ ஓர் அறையையோ சீசன் முழுதுக்கும் பேசிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்கு மாறிக்கொள்வார். கிணறும் கழிப்பிடமும் பொது. சிறிய தொகையே ஆயினும், மாதாமாதம் கையில் வரும் ரொக்கமாக இருந்ததால், கள்ளிறக்கும் குடும்பத்துக்கும் மீனவக் குடும்பத்துக்கும் அது மதிப்புடையதாக இருந்தது. வீட்டை வாடகைக்கு விட்டவர்களும், சிற்றுண்டிக் கொட்டகை நடத்தியவர்களும், விலை பேசியவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்பதை இவ்வரலாற்றின் மையச் செய்தியாகவே கொள்ள வேண்டும். அவர்களின் பெயர்கள் பயண நூல்களில் இல்லை.

ஒரே ஊரில் இவ்வாறு இரண்டு கிறிஸ்துமஸ்கள் நிகழ்ந்தன. வீட்டுக்காரர்கள் தூய ஆடை உடுத்தி நள்ளிரவில் கோவிலுக்குச் செல்ல, பெற்றோரின் சமயத்தையும் வீட்டு ஒழுங்கையும் துறந்து வந்த குடியிருப்பாளர்கள் கடற்கரையில் தீ மூட்டி, பொது அடுப்பில் சமைத்து, இசையோடு இரவைக் கழித்தனர். இருசாராரும் ஒருவரையொருவர் முற்றிலும் புரிந்துகொண்டனர் என்று சொல்வதற்கில்லை. ஆடையின்றிக் குளிப்பதும் போதைப்பொருளும் திருச்சபையினரிடத்தும் ஊராரிடத்தும் கடுமையான வருத்தத்தை எழுப்பின. எனினும் பொறுத்துக்கொண்டனர், ஏனெனில் வந்தவர்கள் வாடகை கொடுத்தனர், மழைக்கு முன் போய்விட்டனர். பொறுமையை விருந்தோம்பல் என்று மட்டும் பெயரிட்டுப் புகழ்வது, அதன் பின்னிருந்த தேவையை மறைத்துவிடும்.

அஞ்சுனாவின் புதன்கிழமைச் சந்தை இக்காலத்தின் படைப்பு. கைப்பணம் தீர்ந்த பயணிகள் தம் கேமராவையும் வானொலியையும் நீலக் காற்சட்டைகளையும் மணலில் துணி விரித்து விற்றதில் தொடங்கிய அது, பின்னர் கர்நாடகத்திலிருந்து வந்த லம்பாணிப் பெண்கள், காஷ்மீர வணிகர்கள், குளிர்காலத்தில் மலையிறங்கும் திபெத்திய அகதிகள் ஆகியோரின் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. இசையும் அவ்வாறே வளர்ந்தது. 1970இல் கோவாவுக்கு வந்து, 2023இல் மறைந்த அமெரிக்க இசைஞர் கோவா கில் உள்ளிட்டோர், கிற்றார் ஒலித்த கடற்கரை இரவுகளை 1980களில் மின்னணு இசையின் இரவுகளாக மாற்றினர். 1990களில் ‘கோவா டிரான்ஸ்’ என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. புவியியலாளர் அருண் சல்தானா 2007இல் வெளியிட்ட ஆய்வு நூல், எல்லாருக்கும் பொதுவெனச் சொல்லப்பட்ட அந்த நடனத்திடலிலும் வெள்ளையர் தமக்குள் கூடி, இந்தியர் ஓரம் தள்ளப்பட்டதை எடுத்துக்காட்டியது.

தரைவழி 1979இல் அடைபட்டது. ஆண்டின் தொடக்கத்தில் ஈரானில் புரட்சி வென்றது. ஆண்டின் இறுதியில், கிறிஸ்துமஸ் வாரத்திலேயே, சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதன்பின் வந்தவர்கள் விமானத்தில் வந்தனர். மாதக்கணக்கில் தரைவழியே வந்தவர் ஊரிலும் மாதக்கணக்கில் தங்கினார். விமானத்தில் வந்தவருக்கு வாரங்களே இருந்தன. 1981இல் லோன்லி பிளானட் நிறுவனத்தின் இந்திய வழிகாட்டி நூல் முதன்முறையாக வெளிவந்து, வாய்மொழியாகப் பரவிய செய்திகளை அச்சில் ஏற்றியது. 1980களின் நடுவில் ஐரோப்பிய நகரங்களிலிருந்து டபோலிம் விமான நிலையத்துக்கு நேரே வரும் வாடகை விமானங்கள் தொடங்கியபோது, நீரையும் நிலத்தையும் பெருவிடுதிகள் விழுங்குவதாகக் கூறி ஊர்க்குழுக்கள் எதிர்த்துப் போராடின. 1998 சனவரியில் கொங்கண் இரயில்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டபின், தெற்குக் கோடியிலுள்ள பாலோலேமும் பயணிகளின் கரையாயிற்று.

அரசு இவ்வளர்ச்சிக்கு வரம்பு கட்ட முனைந்ததற்குக் கோவாவுக்கு அப்பாலும் காரணங்கள் உண்டு. உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எழுப்பாமல் காக்குமாறு 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். 1991 பிப்ரவரியில் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை அப்பகுதியில் கட்டுமானத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தியது. மூங்கிலும் ஓலையும் கொண்டு சீசனுக்கு மட்டும் எழுப்பி, மழைக்கு முன் பிரித்துவிடும் ‘ஷாக்’ எனப்படும் கடற்கரைக் கொட்டகை இவ்விதிகளோடு ஒத்துப்போகும் வடிவமாக நிலைத்தது. அரசின் உரிமம் பெற்றே அதை அமைக்க வேண்டும்.

வீடுகளின் கதை இதற்குள் மறுபடியும் திரும்பியது. 1961க்கு முன் கோவாவில் பிறந்தோரும் அவர்களின் அடுத்த இரு தலைமுறையினரும் போர்த்துகீசியக் குடியுரிமை பெறச் சட்டம் இடமளித்ததால், பலர் அக்கடவுச்சீட்டோடு இங்கிலாந்துக்குச் சென்று, ஸ்விண்டன் போன்ற நகரங்களில் குடியேறினர். பர்தேஸின் திண்ணைகள் மீண்டும் ஆளற்றுப் போயின. ஆனால் இம்முறை பூட்டிய வீட்டைத் தேடி வந்தவர்கள் ஓர் அறையை வாடகைக்குக் கேட்கும் பயணிகள் அல்லர். வீட்டையே விலைக்குக் கேட்கும் தில்லி, மும்பைச் செல்வர்கள். பின்கட்டில் குடும்பமும் முன்கூடத்தில் பயணியுமாக இருந்த ஏற்பாடு இந்த விற்பனையால்தான் முற்றிலும் அழிகிறது. அரை நூற்றாண்டுக் கூத்துகள் எல்லாம் செய்யாத இழப்பு அது.

ஊராருக்குக் கடலோடு இருந்த பழைய உறவு டிசம்பருக்கு உரியதும் அன்று. உள்ளூர்க் குடும்பங்கள் கடற்கரைக்கு வந்து தங்கியது ஏப்ரல், மே மாதங்களில். மாற்றம் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லால் ‘முதான்ச’ என்று அதை அழைத்தனர். உப்புநீரில் குளித்தால் உடல்நோய் தீரும் என்பது நம்பிக்கை. மே இறுதியில் ஷாக்குகள் பிரிக்கப்பட, சூன் தொடக்கத்தில் மழை இறங்கும். கிறிஸ்துமசுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளி, சூன் 24இல் வரும் புனித யோவான் திருநாளன்று, பயணிகள் குறைந்த அவ்வூர்களில், இலையும் பூவும் பழமும் சுற்றிய ‘கொப்பேல்’ என்னும் முடியைத் தலையில் அணிந்த ஆண்கள் வீடு வீடாகப் பாடிச் சென்று, மழைநீர் தளும்பும் கிணறுகளில் குதிக்கின்றனர்.