"எல்லோரும்" என்றால் எத்தனை பேர்?

"எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெறவில்லை." சரி, ஒருவராவது தேர்ச்சி பெற்றாரா? நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'யாருமே பாஸ் ஆகலை' என்று சிலரும், 'கொஞ்சம் பேர் பாஸ், கொஞ்சம் பேர் ஃபெயில்' என்று சிலரும் சொல்வார்கள். சண்டையே வரும் :-)

கொருக்குப்பேட்டையில் உட்கார்ந்து பி.காம் படிக்கும் எங்களுக்கு இது விளையாட்டு இல்லை. பொதுத்துறை வங்கி கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று 2021-ல் வந்துவிட்டது. ரீசனிங் பகுதியில் 'எல்லா', 'சில', 'எதுவும் இல்லை' இவற்றை வைத்துத்தான் ஆட்டமே.

இந்தச் சிக்கல் நம் இலக்கணக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். 'எல்லோரும்' என்பதில் வரும் 'உம்' முற்றும்மை, அதாவது மிச்சமில்லாமல் அத்தனையும். ஆனால் அதே உம்மை சில இடங்களில் மிச்சம் இருப்பதைக் காட்டும் எச்சமாகவும் ஆகும் என்று தொல்காப்பியமும், பின்னால் 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூலும் சொல்கின்றன. பத்தையும் கொடுக்காதே என்றால், சிலவற்றைக் கொடுக்கலாம் என்றும் பொருள் வரும். எதிர்மறை வினை வந்ததும் வருகிற வினை இது.

'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்பதை யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பொன்னும் மின்னும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். தேர்வில் அந்த வசதி கிடையாது. 'தரப்பட்ட கூற்றை மட்டும் உண்மை என்று கொள்க' என்று போட்டுவிடுகிறார்கள். பேசியது யார், எந்தச் சூழ்நிலையில் என்று கண்காணிப்பாளரிடம் கேட்க முடியுமா?

நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. உத்தரப் பிரதேச மருத்துவ நுழைவுத் தேர்வைப் பற்றிய கான்பூர் பல்கலைக்கழக வழக்கில், 1983-ல் உச்ச நீதிமன்றம் இரட்டைப் பொருள் தரும் கேள்விகளைத் தவிர்க்கச் சொன்னது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பதால் வரும் குழப்பத்தையும் சேர்த்தே சொன்னது!

35 வருடம் கழித்து, 2018 நீட். தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று டி.கே.ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தரச் சொல்லி ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்து, நவம்பரில் ரத்தும் செய்தது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது தேர்வு விதி. தமிழைத் தேர்ந்தெடுத்தவன் ஆங்கிலத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம். அப்புறம் எதற்குத் தமிழ் வினாத்தாள்?

இத்தனைக்கும் தீர்வு சுலபம். 'எந்த மாணவரும் தேர்ச்சி பெறவில்லை' என்று எழுதலாம். 'மாணவர்களில் சிலர் தேர்ச்சி பெறவில்லை' என்றும் எழுதலாம். இரண்டுமே நல்ல தமிழ்தான், இரண்டிலும் குழப்பம் இல்லை. ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றும்போதுதான் மூன்றாவது வாக்கியம் வந்து மாட்டிக்கொள்கிறது.